மாத்திரைக்குள் மாவும் பிசினும் எதற்கு?

மும்பை சயனிலிருந்து நீங்கள் எழுதிய கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மா சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இரவில் மலம் இளக இசப்கோல் உமி குடிக்கிறார். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் ஸ்டார்ச், மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் என்ற பெயர்களைப் பார்த்திருக்கிறீர்கள். "செல்லுலோஸ் என்றால் மரத்தூள், மருந்தில் கலப்படம் செய்கிறார்கள்" என்று உங்கள் கட்டடத்தில் ஒருவர் சொல்லிவிட, அம்மா பயந்துபோய் மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார். சர்க்கரை மாத்திரை மலத்தில் முழு உருவத்தோடு வெளியேறியதையும் கண்டுவிட்டதால் பயம் கூடிவிட்டது. பி.ஃபார்ம் கடைசி ஆண்டு படிக்கும் மகள் முருங்கைப் பிசினை வைத்து ஆய்வு செய்ய நினைக்கிறாள், அதில் பயன் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அவசரமானதை முதலில் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்த வேண்டாம். தாளில் நீங்கள் பார்த்தது கலப்படப் பட்டியல் அல்ல. மருந்து சரியான நேரத்தில் சரியான இடத்தில் உடலுக்குள் இறங்குவதற்காக, அளந்து சேர்க்கப்படும் பொருள்களின் பட்டியல் அது. மும்பையில் மாத்திரை உருவாக்கும் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்தச் சந்தேகத்தை அடிக்கடி கேட்டிருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தைராய்டு மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா சாப்பிடுவது 50 மைக்ரோகிராம் என்றால், ஒரு கிராமை 20,000 பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. அதைத் தனியாக உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. விரலால் பிடிக்க ஓர் உருவம் வேண்டும். ஒவ்வொரு மாத்திரையிலும் ஒரே அளவு மருந்து இருக்க வேண்டும். அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்கும்போது நொறுங்கக் கூடாது. வயிற்றுக்குள் போனதும் உதிர வேண்டும். இவ்வளவையும் பார்த்துக்கொள்பவை துணைப்பொருள்கள். அவற்றில் பெரும்பங்கு தாவரங்களிலிருந்து வரும் பாலிசாக்கரைடுகள், அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலிகள்.

ஸ்டார்ச்சும் செல்லுலோஸும் குளுக்கோஸால் மட்டுமே ஆனவை. கண்ணிகள் ஒன்றுதான், கோக்கும் விதம்தான் வேறு. ஸ்டார்ச்சில் உள்ள ஆல்ஃபா பிணைப்பை வெட்டும் நொதி நம் எச்சிலிலேயே இருக்கிறது. செல்லுலோஸில் உள்ள பீட்டா பிணைப்பை வெட்டும் நொதி நம் உடலில் எங்குமே கிடையாது. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளிடம் உண்டு. ஆகவே சோறு நமக்கு உணவாகிறது, பருத்தி ஆவதில்லை. செல்லுலோஸ் உடலுக்குள் போனால் செரிக்காமல், இரத்தத்தில் கலக்காமல், அப்படியே மலத்தோடு வெளியேறிவிடும். மருந்தோடு சேர்ப்பதற்கு அது ஏற்றதாக இருப்பதும் இதனால்தான்.

ஸ்டார்ச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் என்னை அதிகம் வியக்க வைத்த பொருள் அதுதான். சோளமாவை நீரில் கரைத்துக் காய்ச்சினால் பசை கிடைக்கும். அந்தப் பசையை மருந்துத் தூளில் ஊற்றிப் பிசைந்து, சல்லடையில் தேய்த்துக் குருணையாக்கி, உலர்த்தி, அச்சில் அழுத்துவார்கள். இங்கே ஸ்டார்ச்சின் வேலை ஒட்டுவது. அதே சோளமாவைக் காய்ச்சாமல், உலர்ந்த தூளாகவே அந்தக் குருணையோடு கடைசியில் கலந்தால் அதன் வேலை நேர்மாறாகிவிடும். மாத்திரை வயிற்று நீரில் பட்டதும் மாவுத் துகள்கள் நீரை உள்ளிழுத்து, பிடிப்பைத் தளர்த்தி, மாத்திரையை உதிர்த்துவிடும். ஒரே மூட்டையிலிருந்து எடுத்த மாவு ஒரு மாத்திரைக்குள் கட்டவும் செய்கிறது, உடைக்கவும் செய்கிறது.

உதிர்வதற்குக் கெடு உண்டு. மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் இந்திய மருந்துத் தரநூலின்படி, மேற்பூச்சு இல்லாத சாதாரண மாத்திரை 37 டிகிரி வெப்பமுள்ள நீரில் 15 நிமிடத்துக்குள் உதிர்ந்துவிட வேண்டும். நீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரைகளுக்கு மூன்றே நிமிடம். வெறும் மாவால் இந்த வேகம் எப்போதும் கிடைப்பதில்லை. அதனால் வேதிமுறையில் சற்றே மாற்றிய சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட்டும், செல்லுலோஸிலிருந்து செய்யும் கிராஸ்கார்மெலோஸ் சோடியமும் வந்தன. மாத்திரையின் எடையில் சில சதவீதம் சேர்த்தாலே போதும், நீர் பட்டதும் பல மடங்கு ஊதி மாத்திரையைப் பிளந்துவிடும். அம்மாவின் தாளில் இந்தப் பெயர்களும் இருக்கக்கூடும், பயப்பட வேண்டாம்.

சோளமாவு சாதாரணமாகவே தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈரத்தை வைத்திருக்கும். மும்பையின் ஜூலை மாதக் காற்றில் அந்த அளவு இன்னும் ஏறும். ஈரம் கூடினால் குருணை அச்சில் ஒட்டும். பயந்து அதிகமாக உலர்த்தினால் மாத்திரையின் தலை தட்டாகக் கழன்று வரும். மழைக்காலத்தில் உலர்த்தும் நேரத்தைத் தொகுதிக்குத் தொகுதி சோதித்துத் திருத்துவதற்கென்றே கை தேர்ந்த தொழிலாளர்கள் இருப்பார்கள். குருணையை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தே அவர்கள் சொல்வார்கள், கருவியும் அநேகமாக அதையேதான் காட்டும்.

இப்போது மரத்தூள் விஷயம். மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் மரக்கூழிலிருந்து எடுக்கப்படுகிறது என்பது உண்மை. மரத்தூள் என்பது பொய். மரத்தில் அதற்கு விறைப்புத் தரும் லிக்னின் உண்டு, பிசின் உண்டு, நிறப்பொருள்கள் உண்டு. அவற்றையெல்லாம் நீக்கிய தூய செல்லுலோஸை நீர்த்த அமிலத்தில் சூடாக்கினால், அதன் ஒழுங்கற்ற பகுதிகள் கரைந்துபோய், ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகப் பகுதிகள் மட்டும் மிஞ்சும். 1955இல் அமெரிக்கன் விஸ்கோஸ் நிறுவனத்தில் பட்டிஸ்டாவும் ஸ்மித்தும் இதைக் கண்டறிந்தார்கள். வெள்ளை வெளேரென்ற இந்தத் தூளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அழுத்தினால் துகள்கள் நசுங்கி ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். காய்ச்சவும் வேண்டாம், குருணையாக்கவும் வேண்டாம், மருந்தோடு கலந்து நேரடியாக அச்சில் அழுத்தலாம். ஈரத்துக்கும் சூட்டுக்கும் தாங்காத மருந்துகளுக்கு இது பெரிய வரம்.

அடுத்தது அம்மாவைப் பயமுறுத்திய காட்சி. சர்க்கரை மாத்திரையின் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., பி.ஆர். என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மருந்தை மெதுவாக விடும் மாத்திரையாக இருக்கும். அதில் ஹைட்ராக்சிபுரொபைல் மெத்தில் செல்லுலோஸ் என்ற, செல்லுலோஸிலிருந்து செய்த பொருள் பெரும்பாலும் உண்டு. நீர் பட்டால் அது உதிராது. சுற்றிலும் கெட்டியான கூழ்ப்படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். மருந்து அந்தப் படலத்தின் வழியே பல மணி நேரம் சிறிது சிறிதாகக் கசிந்து வெளியேறும். மருந்து முழுவதும் போன பிறகும் கூடு மட்டும் சில சமயம் மிஞ்சி, மாத்திரையின் உருவத்திலேயே மென்மையான கட்டியாக மலத்தில் வரும். மருந்து வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளம் அல்ல. அம்மாவின் இரத்தச் சர்க்கரை அளவு கட்டுக்குள் இருந்தால் எந்தக் கவலையும் வேண்டாம். அளவு ஏறியிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த வகை மாத்திரையை விழுங்கச் சிரமமாக இருக்கிறதென்று நசுக்கியோ மென்றோ கொடுக்கவே கூடாது. கூட்டை உடைத்தால் நாள் முழுவதும் இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் அம்மிக்கல்லும் கரண்டியும் வைத்து மாத்திரையை நசுக்கும் பழக்கம் நம் மக்களிடம் இன்னும் இருக்கிறது.

இசப்கோல் வேறு வகை. இங்கே பாலிசாக்கரைடு துணைப்பொருள் இல்லை, அதுவே மருந்து. பிளான்டாகோ ஓவாட்டா என்ற செடியின் விதை உமியில் அராபினோசைலான் என்ற பாலிசாக்கரைடு நிறைந்திருக்கிறது. குஜராத்தின் ஊஞ்சா இதன் பெரிய சந்தை. மும்பையில் இசப்கோல் வைக்காத மளிகைக் கடையைப் பார்ப்பது அரிது. நீரை உறிஞ்சிக் கூழாகி மலத்தை இளக்குவதோடு, குடலில் பித்த உப்புகளைப் பிடித்து வெளியேற்றுவதால் கெட்ட கொலஸ்டிரால் ஓரளவு குறைகிறது. நாளொன்றுக்கு 7 கிராம் கரையும் நார்ச்சத்து இந்த உமியிலிருந்து கிடைத்தால் இதய நோய் அபாயம் குறையலாம் என்ற வாசகத்தை உணவுப் பொட்டலங்களில் அச்சிட அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1998இல் அனுமதி தந்தது.

இயற்கைப் பொருள்தானே, எப்படிக் குடித்தால் என்ன என்று இருந்துவிடாதீர்கள். தண்ணீர் போதாமல் குடித்தால் உமி தொண்டையிலோ உணவுக்குழாயிலோ ஊதி அடைத்துக்கொள்ளும். கொத்தவரைப் பிசினை எடை குறைக்கும் மாத்திரையாக அமெரிக்காவில் விற்றபோது பலருக்கு உணவுக்குழாய் அடைத்து, 1990களின் தொடக்கத்தில் அதை நிறுத்த வேண்டி வந்தது. அம்மா படுக்கையில் சாய்ந்தபடி குடிக்கிறாரா? நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிய குவளை நீரில் கலந்த உடனே குடிக்கச் சொல்லுங்கள். விழுங்குவதில் ஏற்கெனவே சிரமம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இசப்கோல் கொடுக்கவே வேண்டாம். இன்னொன்று, இந்தக் கூழ் மற்ற மருந்துகளையும் தனக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரைக்கும் இசப்கோலுக்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடுவதால் உங்கள் வீட்டில் அந்த இடைவெளி சரியாகவே இருக்கும். மற்ற மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் விடுங்கள். இரவு உணவோடு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் இசப்கோலைப் படுக்கப்போகும் நேரத்துக்குத் தள்ளிவிடலாம்.

கடல்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் சில திரவ மருந்துகளில் அது இருக்கிறது. வயிற்று அமிலம் பட்டதும் கூழாகி, கூடவே உண்டாகும் கரியமில வாயுக் குமிழிகளைப் பிடித்துக்கொண்டு, இரைப்பையில் உள்ளதன் மேல் பாலாடை போல மிதக்கும். அமிலம் மேலே ஏறி வராமல் தடுப்பது அந்த ஆடைதான். அதே ஆல்ஜினேட்டின் கால்சிய உப்பு, நீர் கசியும் ஆழமான புண்களுக்குக் கட்டும் துணியாகவும் பயன்படுகிறது.

நம் சமையலறையில் இருப்பவற்றுக்கு வருகிறேன். கொத்தவரை விதையிலும் வெந்தயத்திலும் இருப்பது கேலக்டோமன்னான். மேனோஸ் என்ற சர்க்கரையின் சங்கிலியில் கேலக்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையின் கிளைகள். வெந்தயத்தில் மேனோஸும் கேலக்டோஸும் கிட்டத்தட்டச் சமம், கொத்தவரையில் இரண்டுக்கு ஒன்று, மத்தியதரைக் கடல் பகுதி மரமான கேரப்பின் விதையில் நான்குக்கு ஒன்று. கிளைகள் குறையக் குறைய சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொள்ளும். அதனால் கொத்தவரைப் பிசின் பச்சைத் தண்ணீரிலேயே கரைகிறது, கேரப் பிசினைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. புளியங்கொட்டையில் இருப்பது சைலோகுளுக்கான் என்ற பாலிசாக்கரைடு. ஒருகாலத்தில் பஞ்சாலைகளிலும் சணல் ஆலைகளிலும் நூலுக்குக் கஞ்சி போட மூட்டை மூட்டையாகப் போன கொட்டைப் பொடி அது. அதையே சுத்திகரித்தால், கண்ணீரில் உள்ள மியூசின் என்ற வழவழப்பான பொருளைப் போலக் கண்ணின் மேற்பரப்பில் படிந்து நிற்கிறது. உலர் கண்ணுக்கான சொட்டு மருந்துகளில் அதைச் சேர்க்கிறார்கள். புளியைக் கரைத்துவிட்டுக் கொட்டையைக் குப்பையில் போடும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

உலகின் கொத்தவரைப் பிசினில் பெரும்பகுதி இந்தியாவில், அதிலும் ராஜஸ்தானில் விளைகிறது. அமெரிக்காவில் பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் தொழில் வளர்ந்தபோது பாறைக்குள் செலுத்தும் திரவத்தைக் கெட்டியாக்க இந்தப் பிசின் தேவைப்பட்டது. விலை தாறுமாறாக ஏறி, 2012 மார்ச்சில் இங்கே அதன் முன்பேர வணிகத்தையே நிறுத்திவைத்தார்கள், 2013 மே மாதம்தான் மீண்டும் தொடங்கியது. மருந்துக்குப் போவது மொத்த விளைச்சலில் சிறு பங்கு. ஆனால் எண்ணெய்க் கிணறு இழுக்கும் திசையில் அதன் விலையும் போயிற்று. அதற்கு முன் 2007இல், இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கொத்தவரைப் பிசினில் பென்டாகுளோரோஃபீனால், டையாக்சின் என்ற நச்சு வேதிப்பொருள்கள் இருந்தது தெரியவந்து பெரும் சிக்கலாயிற்று. இயற்கையில் விளைந்தது என்பதற்காக ஒரு பொருளைச் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ள முடியாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இதைவிடக் கொடிய பாடம் ஹெப்பாரின். இரத்தம் உறையாமல் இருக்க டயாலிசிஸிலும் இதய அறுவை சிகிச்சையிலும் கொடுக்கும் இந்த மருந்தும் ஒரு பாலிசாக்கரைடுதான், பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுப்பது. 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மாணவராக இருந்த ஜே மெக்லீனின் சோதனைகளிலிருந்து இதன் கதை தொடங்கியது. 2007, 2008இல் சீனாவிலிருந்து வந்த மூலப்பொருளில், சல்ஃபேட்டை மிகையாக ஏற்றிய கான்ட்ராய்ட்டின் சல்ஃபேட் கலந்திருந்தது. அதுவும் சர்க்கரைச் சங்கிலிதான், ஹெப்பாரினைப் போலவே நடிக்கும் சங்கிலி. அன்றைய வழக்கமான வீரியச் சோதனைகளில் தேறிவிட்டது. ஊசி போட்ட நோயாளிகளுக்கு இரத்த அழுத்தம் சரேலென்று விழுந்தது, பலர் உயிரிழந்தார்கள். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் பார்த்தபோதுதான் வேற்று மூலக்கூறு பிடிபட்டது. அதன் பிறகு உலகெங்கும் ஹெப்பாரினுக்கான சோதனை விதிகளை மாற்றி எழுதினார்கள். உங்கள் கட்டடத்துக்காரர் கலப்படம் என்ற சொல்லை உண்மையில் பயன்படுத்த வேண்டிய இடம் இது. சங்கிலியில் எந்த இடத்தில் எந்தக் குழு ஒட்டியிருக்கிறது என்பது உயிர் காக்கும் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலான வேறுபாடு.

நமக்கு அருகிலேயே நடந்த ஒரு நல்ல செய்தியும் உண்டு. டைஃபாய்டு கிருமியின் மேல் போர்வையும் பாலிசாக்கரைடால் ஆனது, அதை வி (Vi) என்பார்கள். அதை மட்டும் தனியாகத் தடுப்பூசியாகக் கொடுத்தால் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல் அதைச் சரியாக அடையாளம் கண்டுகொள்வதில்லை, நினைவிலும் வைத்துக்கொள்வதில்லை. அந்தச் சங்கிலியை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் நிலைமை மாறிவிடுகிறது. ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் இப்படி டெட்டனஸ் டாக்சாய்டோடு பிணைத்து உருவாக்கிய தடுப்பூசிக்கு 2017 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி என்ற தரச்சான்று கிடைத்தது. 2018இல் நவி மும்பை மாநகராட்சி 9 மாதம் முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு அதைப் போடத் தொடங்கி, முதல் கட்டத்திலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டது. இந்த வகைத் தடுப்பூசியை ஓர் அரசு அமைப்பு தன் திட்டமாக எடுத்துச் செய்தது உலகில் அதுவே முதல் முறை. வாஷியிலும் நெருளிலும் இருக்கும் உங்கள் உறவினர்களின் பிள்ளைகள் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களாக இருக்கலாம்.

மகளின் ஆய்வுக்கு வருகிறேன். முருங்கைப் பிசின், வெண்டைக்காயின் வழவழப்பு, செம்பருத்தி இலை என்று எதை எடுத்தாலும் அதிலிருந்து ஒரு பாலிசாக்கரைடைப் பிரித்து, ஒரு மாத்திரை செய்து, "சிறந்த பிணைப்புப் பொருள்" என்று முடிக்கும் ஆய்வறிக்கைகள் நம் கல்லூரிகளில் ஏராளம். அவற்றில் மிகச் சிலவே தொழிற்சாலை வாசலை மிதிக்கின்றன. பிசின் ஒட்டவில்லை என்பது காரணமல்ல. மார்ச்சில் எடுத்த பிசினும் அக்டோபரில் எடுத்த பிசினும் ஒரே மாதிரி இருக்கும் என்று யாரும் காட்டவில்லை. ஸ்டார்ச் இன்றைக்கும் ஆட்சி செய்வது, எந்த மூட்டையைப் பிரித்தாலும் அது ஏறக்குறைய ஒன்றுபோல நடந்துகொள்வதால்தான். மும்பை மஸ்ஜித் பந்தரில் கோந்து விற்கும் கடைகளில் போய் நின்று பாருங்கள். கதீரா என்ற கோந்தைக் கேட்டால் ஒரு கடையில் ஒரு மரத்தின் பிசினும் அடுத்த கடையில் வேறொரு மரத்தின் பிசினும் கிடைக்கும். பாதாம் பிசினாக ஊறவைத்துப் பாலில் போட்டுக் குடிப்பதற்கு அது பரவாயில்லை. அதை உணவாகக் கொள்ளுங்கள், மருந்தாகக் கொள்ளாதீர்கள். மாத்திரைக்கு அது போதாது.

ஆகவே முருங்கையை விட வேண்டாம், கேள்வியை மாற்றச் சொல்லுங்கள். பிசின் ஒட்டுமா என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஒட்டுமா என்று கேட்கட்டும். வெவ்வேறு மரங்களிலிருந்து, வெவ்வேறு பருவங்களில் எடுத்த பிசினைத் தனித்தனியே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் பாகுத்தன்மை, ஈரம், சாம்பல் அளவு, நுண்ணுயிர் எண்ணிக்கை ஆகியவற்றை அளக்கட்டும். ஈ.கோலையும் சால்மொனெல்லாவும் இல்லை என்பதைத் தனியாக உறுதிசெய்ய வேண்டும், மரப்பட்டையில் வெளிப்படையாக வழிந்து கிடக்கும் பொருள் அது. ஒப்பிடுவதற்குச் சாதாரண ஸ்டார்ச் பசையிலேயே ஒரு தொகுதி மாத்திரை செய்து வைக்க வேண்டும், இல்லையென்றால் "சிறந்த" என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. செய்த மாத்திரைகளை 40 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் வைத்து மாதாமாதம் உதிரும் நேரத்தைப் பார்க்க வேண்டும். பிசின் சேர்த்த மாத்திரைகள் நாளாக ஆக இறுகிப்போவது வழக்கம், அது அங்கே தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனையையும் மறக்க வேண்டாம். கருவேல இனத்திலிருந்து வரும் அரபிக் கோந்தில் ஆக்சிஜனேற்றம் செய்யும் நொதி உண்டு, சில மருந்துகளை அது கெடுத்துவிடும். கோந்துக் கரைசலைச் சில நிமிடம் கொதிநிலையில் வைத்தால் நொதி செயலிழந்துவிடும். வெள்ளையாகக் கசிந்து பிறகு சிவந்து கருக்கும் முருங்கைப் பிசினிலும் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஆய்வுக்கு எடுக்கும் மருந்து எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையாத ஒன்றாக இருந்தால் தலைவலி குறையும், பாராசிட்டமாலைத் தவிர்த்து வேறொன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முதல் தொகுதிப் பிசினை ஜூன் மழை பிடிப்பதற்குள் சேகரித்துவிட வேண்டும், நனைந்த பிசினில் பூஞ்சை ஏறிவிட்டால் அளவுகள் எல்லாம் மாறிவிடும். இரண்டாவது தொகுதியைத் தீபாவளிக்குப் பிறகு அதே மரங்களிலிருந்து எடுக்கட்டும்.